எல்லிஸ் தீவா, ஆர்ச்சர்ட் தெருவா?

நியூயார்க்கில் குடியேறிகளின் கதை சொல்லும் அருங்காட்சியகங்களில் இரண்டு முக்கியமானவை. ஒன்று, கப்பலில் வந்த குடியேறிகளைச் சோதித்து உள்ளே விட்ட எல்லிஸ் தீவு. அதன் வழியாக 1892 முதல் 1954 வரை 1.2 கோடிப் பேர் அமெரிக்காவுக்குள் வந்தார்கள். கப்பல் பயணிகள் பட்டியலில் தாத்தா பெயரைத் தேடலாம். சரி, பெயர் கிடைத்த பிறகு? அவர் எங்கே தூங்கினார், எப்படிப் பிழைத்தார் என்பதைப் பட்டியல் சொல்லாது.

அதற்கு இரண்டாவதான, ஆர்ச்சர்ட் தெருவின் டெனமென்ட் அருங்காட்சியகம்தான். 1863-இல் கட்டிய வாடகைக் குடியிருப்பு. 1935-இல் குடியிருந்தவர்களை வெளியேற்றி மாடிகளைப் பூட்டிவிட்டார்கள். அதனாலேயே சுவரில் அடுக்கடுக்காக ஒட்டிய தாள்கள்கூடத் தப்பின. ஒரு வீட்டுக்கு மூன்றே சின்ன அறைகள். அதற்குள்ளேயே குடும்பம், தையல் பட்டறை எல்லாம்.

ஒரு நாள்தான் இருக்கிறதென்றால் என் ஓட்டு ஆர்ச்சர்ட் தெருவுக்கு. வழிகாட்டியோடுதான் அறைகளுக்குள் போக முடியும், முன்பதிவு செய்துவிடுங்கள்.