காட்டு ரோந்துக்கு ஸ்மார்ட் மென்பொருள்: எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

ஒரு வனச்சரகத்தில் நாள்தோறும் ஐந்தாறு குழுக்கள் காட்டுக்குள் போய்வருகின்றன. மாதக் கடைசியில் ரேஞ்சரின் மேசைக்கு வந்து சேர்வது ரோந்துப் பதிவேடுகள். "பீட் முழுதும் சுற்றி வந்தோம், குற்ற நிகழ்வு ஏதுமில்லை" என்று முப்பது நாளும் ஒரே வரி. (பீட் என்பது ஒரு காவலர் பொறுப்பில் உள்ள காட்டுப் பகுதி.) எந்தப் பள்ளத்தில் மூன்று மாதமாக யார் காலும் படவில்லை என்பதை அந்த வரியிலிருந்து கண்டுபிடிக்கவே முடியாது. காவலர் நடந்த தடத்தையும் கண்டதையும் போனில் பதிந்து வரைபடமாகக் காட்டும் ஸ்மார்ட் (SMART) மென்பொருள் தீர்க்க வந்தது இந்தச் சிக்கலைத்தான். கருவி நல்ல கருவி. சரியாக அமைக்காமல் காவலர் கையில் திணித்தால், பழைய பதிவேட்டைவிட மோசமான பொய்யைச் சொல்லும்.

உகாண்டாவில் உருவான 'மிஸ்ட்' என்ற பழைய மென்பொருளின் வாரிசு இது. வனவிலங்குப் பாதுகாப்புச் சங்கம் (டபிள்யூ.சி.எஸ்.), டபிள்யூ.டபிள்யூ.எஃப்., லண்டன் விலங்கியல் சங்கம், ஃபிராங்ஃபர்ட் விலங்கியல் சங்கம் போன்ற அமைப்புகள் சேர்ந்து உருவாக்கி, 2013-இல் முதல் பதிப்பை வெளியிட்டன. உரிமக் கட்டணம் கிடையாது. மூன்று துண்டுகளாக வருகிறது: கணினியில் ஓடும் டெஸ்க்டாப், ஆண்ட்ராய்டு போனில் ஓடும் மொபைல், இரண்டையும் இணையம் வழியே இணைக்கும் கனெக்ட் சர்வர்.

இந்தியப் புலிகள் காப்பகங்களில் இருப்பவர்களுக்கு இதில் தேர்வு இல்லை. அங்கே தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையமும் இந்திய வனவிலங்கு நிறுவனமும் 2010-இல் கொண்டுவந்த, இதே வேலையைச் செய்யும் எம்-ஸ்ட்ரைப்ஸ் மென்பொருள்தான். காப்பகத்துக்கு வெளியே உள்ள சரகங்கள், அலையாத்திக் காடுகள், சமூகக் காடுகள், அறக்கட்டளைகள் பராமரிக்கும் நிலங்கள் ஆகியவற்றுக்கு ஸ்மார்ட் பொருந்தும். போன் அமைப்பு, தடப்பதிவு, மாதாந்திரக் கூட்டம் பற்றிக் கீழே வருவதெல்லாம் எம்-ஸ்ட்ரைப்ஸ் வைத்திருப்பவர்களுக்கும் உதவும்.

நிறுவியதும் முதலில் செய்யவேண்டியது எல்லைக்கோட்டை ஏற்றுவது. பலர் சறுக்குவதும் இங்கேதான். பழைய இந்திய நில அளவை வரைபடங்கள் எவரெஸ்ட் என்ற பழைய ஆள்கூற்று அளவுமுறையில் இருக்கின்றன, ஜி.பி.எஸ். தருவது டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற வேறொரு அளவுமுறையில். மாற்றாமல் ஏற்றினால் எல்லை தள்ளி விழும். காவலர் காட்டின் விளிம்பில் நடந்த தடம் ஊர்க்காரர் வயலுக்குள் காட்டும். பிறகு பீட் எல்லைகள், முகாம்கள், பணியாளர் பட்டியல், போக்குவரத்து வகைகள். பணியாளர் பட்டியலில் தினக்கூலி வாட்சர்களையும் வேட்டைத் தடுப்புக் காவலர்களையும் கட்டாயம் சேருங்கள். காட்டை அதிகம் நடப்பது அவர்கள்தான். வனவர், வனக்காப்பாளர் பெயர்களை மட்டும் ஏற்றினால் உழைத்தவர் யார் என்பதே அறிக்கையில் மறைந்துபோகும்.

அடுத்தது எதையெல்லாம் பதியலாம் என்ற பட்டியல். மென்பொருளோடு வரும் பட்டியல் மிக நீளமானது, அதை அப்படியே போனுக்கு அனுப்பக்கூடாது. முதல் திரையில் எட்டு படங்களுக்கு மேல் வேண்டாம்: விலங்கு நேரில், விலங்கின் தடயம், கண்ணி, மரம் வெட்டு, கால்நடை, தீ, மனித–விலங்கு மோதல், பார்வையாளர். எந்தப் பதிவும் மூன்று நான்கு தட்டலில் முடியவேண்டும். ஆறாவது தட்டல் வரை இழுத்தால் மழையில் நிற்கிற காவலர் கைக்கு வந்த எதையோ அழுத்திவிட்டு நடையைக் கட்டுவார். படத்தை வைத்தே பதியும் இந்த முறை சைபர்டிராக்கர் என்ற செயலியிலிருந்து வந்தது. தென்னாப்பிரிக்காவில், எழுதப் படிக்கத் தெரியாத, ஆனால் தடம் பார்ப்பதில் தலைசிறந்த கலஹாரி வேட்டைச் சமூகத்தாருக்காக உருவானது அது. நம் மலைகளிலும் பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத, ஆனால் சாணத்தைத் தொட்டே யானை போன நேரம் சொல்லக்கூடிய காவலர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது பொருந்துகிறது. பெயர்களைத் தமிழிலும் வைக்கலாம். 'சுருக்குக் கம்பி', 'அவுட்டுக்காய்' (உணவுக்குள் மறைத்த வெடி), 'கள்ள மின்வேலி' என்று அவர்கள் சொல்லும் சொல்லையே வையுங்கள்.

கண்ணிக்குக் கீழே மூன்று கேள்விகளை விடவேகூடாது: எத்தனை, புதிதா பழையதா, அகற்றியாயிற்றா. கடைசிக் கேள்வி இல்லாவிட்டால், பைக் பிரேக் வயரில் கட்டிய ஒரே சுருக்கை இரண்டு குழுக்கள் பார்த்து இரண்டாகப் பதியும். எண்ணிக்கை கேட்காவிட்டால், ஒரு வேலி நெடுகக் கிடந்த பதினைந்து சுருக்கும் அறிக்கையில் ஒன்றாகிவிடும்.

போன் விஷயத்தில் கஞ்சத்தனம் ஆகாது, ஆடம்பரமும் தேவையில்லை. 5,000 எம்.ஏ.எச். பேட்டரி, குழுவுக்கு ஒரு 10,000 எம்.ஏ.எச். பவர் பேங்க், மழைக்கு ஒரு ஜிப் கவர் போதும். செயலியை ஏற்றியவுடன் போன் அமைப்புக்குள் போய் இரண்டு இடத்தை மாற்றவேண்டும். பேட்டரிச் சேமிப்பிலிருந்து ஸ்மார்ட்டுக்கு விலக்கு, இருப்பிட அனுமதி 'எப்போதும்'. இதைச் செய்யாத போனில் திரை அணைந்ததும் தடப்பதிவு நின்றுவிடும். வரைபடத்தில் காலை எட்டு மணிப் புள்ளியிலிருந்து மதியம் ஒரு மணிப் புள்ளிக்கு, மலையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு நேர்க்கோடு போகும். அதைப் பார்த்துக் காவலரைச் சந்தேகிப்பவர்கள் உண்டு. கோணல்மாணலாக இல்லாமல் ரூலர் வைத்த மாதிரி கோடு தெரிந்தால், ஆளைக் கேட்பதற்கு முன் போனைப் பாருங்கள்.

சிக்னல் இல்லாத காட்டில் போன் டவரைத் தேடித் தேடியே பேட்டரியைத் தின்றுவிடும். விமானப் பயன்முறையில் போட்டாலும் ஜி.பி.எஸ். வேலை செய்யும். ஆனால் இணையம் இல்லாத போன் செயற்கைக்கோளைப் பிடிக்கச் சில நிமிடம் எடுக்கும். ஆகவே முகாம் வாசலில், வானம் தெரியும் இடத்தில் ரோந்தைத் தொடங்கி, இடம் பிடித்ததா என்று பார்த்துவிட்டு மரநிழலுக்குள் போகச் சொல்லுங்கள். பாறை இடுக்கிலும் ஓடைப் பள்ளத்திலும் புள்ளிகள் திடீரென்று நூறு மீட்டர் தாவுவது சகஜம். கூட்டத்துக்கு முன் அவற்றை நீக்கிவிடவேண்டும்.

புள்ளி எடுக்கும் இடைவெளியை எல்லாருக்கும் ஒன்றாக வைக்காதீர்கள். காட்டில் நடை மணிக்கு 3 கிலோமீட்டர் என்றால் நிமிடத்துக்கு 50 மீட்டர், எனவே நடைக்கு 60 விநாடி போதும். எட்டு மணிநேரத்துக்கு 480 புள்ளிகள் வரும். பைக்கில் 30 கிலோமீட்டர் வேகத்தில் போனால் அதே 60 விநாடியில் 500 மீட்டர் ஓடிவிடும், கொண்டை ஊசி வளைவுகள் எல்லாம் காணாமல் போகும். வாகனத்துக்கு 10 விநாடி வையுங்கள். இறங்கி நடக்கும்போது போக்குவரத்து வகையை மாற்றுவது அதைவிட முக்கியம். மாற்ற மறந்தால் பைக் தூரம் நடைக் கணக்கில் ஏறும். மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் தடத்தை நிறுத்திவைக்கவேண்டும். உட்கார்ந்த இடத்திலேயே புள்ளிகள் அலைந்து, நடக்காத தூரம் சேர்ந்துவிடும்.

ஸ்மார்ட்டின் உண்மையான மதிப்பு டெஸ்க்டாப்பில் இருக்கிறது. சரகத்தை 1 கிலோமீட்டர் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு நடை என்று காட்டும் கட்ட வரைபடத்தைப் போட்டுப் பாருங்கள். 60 சதுர கிலோமீட்டர் சரகத்தில் அறுபது சொச்சம் கட்டங்கள். சாலையோரக் கட்டங்கள் கருத்திருக்கும், எல்லையோரம் வெளுத்திருக்கும். வேட்டைக்காரர்கள் நுழைவது பெரும்பாலும் அந்த வெளுத்த பக்கத்தில்தான். ஏற முடியாத செங்குத்துப் பாறைக் கட்டங்களை முதலிலேயே தனியாகக் குறித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு மாதமும் அதே கட்டத்துக்காகக் காவலர் திட்டு வாங்குவார்.

எண்ணிக்கையை மட்டும் பார்த்து முடிவெடுப்பது இன்னொரு பெரிய தவறு. உதாரணத்துக்கு, ஒரு மாதம் 240 கிலோமீட்டர் நடந்து 12 கண்ணி, அடுத்த மாதம் 600 கிலோமீட்டர் நடந்து 18 கண்ணி. மேலதிகாரிக்குப் போகும் தாளில் குற்றம் பாதிக்குப் பாதி கூடிவிட்டதாகத் தெரியும். நூறு கிலோமீட்டர் நடைக்கு எத்தனை என்று கணக்கிட்டால் 5-இலிருந்து 3-ஆகக் குறைந்திருக்கிறது. இந்தக் கணக்கைக் காட்டாமல் வெறும் எண்ணிக்கையை அனுப்பினால், அதிகம் நடந்த குழுவே தண்டனை பெறும். அடுத்த மாதம் அவர்கள் கண்ணியைப் பார்த்தாலும் பதியமாட்டார்கள்.

அதேபோல் கிலோமீட்டரை வைத்துப் போட்டி நடத்தக்கூடாது. தூரத்துக்குப் பாராட்டு என்று தெரிந்தால் ஆட்கள் சமதளப் பாதையிலேயே நடப்பார்கள். இரவு முழுக்க ஓடைக்கரையில் மறைந்திருந்து காத்த குழுவின் தூரம் சுழியம். வேட்டைக்காரன் பிடிபடுவதோ அங்கேதான். மறைந்திருந்து காத்தலை ரோந்தின் நோக்கங்களில் ஒன்றாகச் சேர்த்து, அதை மணிநேரத்தில் அளவிடுங்கள்.

மாதம் ஒருமுறை இந்த வரைபடத்தைச் சுவரில் காட்டி, நடந்தவர்களையே உட்காரவைத்துப் பேசவேண்டும். ஒரு மணிநேரம் போதும். எந்தக் கட்டம் வெளுத்திருக்கிறது, ஏன், தண்ணீர் இல்லையா, யானைக்கூட்டம் நிற்கிறதா, வயர்லெஸ் எட்டவில்லையா. பதில்களை வைத்து அடுத்த மாத ரோந்துத் திட்டம். இந்தக் கூட்டம் நடக்காத இடத்தில் ஸ்மார்ட் நிறுவிவைப்பது வீண். தான் பதிந்தது எங்கே போகிறது என்று தெரியாத காவலர் ஆறு மாதத்தில் பதிவதை நிறுத்திவிடுவார். அது அவருடைய குற்றம் ஆகாது.

பார்வையாளர் பாதுகாப்புக்கு இது பாதி உதவிதான். வண்டியை நிறுத்தி இறங்குவது, குரங்குக்குத் தீனி போடுவது, டிரோன் பறக்கவிடுவது, அருவிப் பாறையில் வழுக்குவது ஆகியவற்றை இடத்தோடும் நேரத்தோடும் பதிந்தால், ஞாயிறு மதியம் எந்த வளைவில் ஆள் நிற்கவேண்டும் என்பது இரண்டு மாதத்தில் துலங்கும். ஆனால் ஆபத்து நேரத்தில் இதை நம்பக்கூடாது. கனெக்ட் சர்வர் வழியாக எச்சரிக்கை அனுப்பும் வசதி உண்டு, சிக்னல் இருந்தால்தான் அது போகும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறப் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அப்படியொரு நாளில் முதலில் தெரியவேண்டியது மேலே எத்தனை பேர், எந்தப் பாதையில் என்பது. அதற்குச் சோதனைச்சாவடியில் தலை எண்ணி ஏற்றி, தலை எண்ணி இறக்கும் பதிவேடும், வி.எச்.எஃப். வயர்லெஸ்ஸும்தான் வேண்டும். ஸ்மார்ட் வந்ததென்று வயர்லெஸ் பேட்டரிக்கான செலவைக் குறைக்காதீர்கள்.

நீதிமன்றத்திலும் எல்லை உண்டு. இடமும் நேரமும் பதிந்த படம் வழக்குக்குப் பலம், ஆனால் அது மகஜருக்கு, அதாவது சாட்சிகள் முன்னிலையில் சம்பவ இடத்தில் எழுதும் பதிவுக்கு, மாற்றாகாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் இணைக்கவேண்டும். வழக்குக்குரிய படம் உள்ள போனைப் பொதுப் பயன்பாட்டில் சுற்றவிடாமல், மூலக் கோப்பை மாற்றாமல் பாதுகாக்கவேண்டும். படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, அந்த நகலை வழக்கில் சேர்ப்பது பெரிய தவறு. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்குவதோடு உள்ளே இருக்கும் இடத் தகவலையும் நீக்கிவிடும்.

குறைகள் என்று பார்த்தால், டெஸ்க்டாப் பழகக் கடினமானது. அறிக்கை வடிவமைக்கும் பகுதி, அனுபவம் இல்லாதவரைத் திணறடிக்கும். ஐந்தாறு கேள்விகளுக்கு ஒரு மாதிரி அறிக்கையைத் தெரிந்தவரை வைத்து ஒருமுறை செய்துகொண்டு அதையே மாதந்தோறும் ஓட்டுவது நல்லது. பி.டி.எஃப்.-இல் தமிழ் எழுத்து சிதறலாம், ஒரு பக்கத்தை முதலில் சோதியுங்கள். கனெக்ட் சர்வருக்குப் பராமரிக்க ஆள் வேண்டும். ஒரே அலுவலகம், பத்துக்குள் போன்கள் என்றால் அது தேவையே இல்லை, கேபிளில் இறக்கிக்கொள்ளலாம்.

யானையின் கழுத்தில் மாட்டும் ரேடியோ காலர், வாகன டிராக்கர், வயர்லெஸ் எல்லாவற்றையும் ஒரே திரையில் நேரலையாகப் பார்க்கவேண்டும் என்றால் எர்த்ரேஞ்சர் என்ற மென்பொருள் அதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. ஆனால் அதற்கு நல்ல இணையமும், திரையைப் பார்த்துக்கொண்டிருக்க ஆளும் வேண்டும். நடை ரோந்தை நம்பியிருக்கும் சிறிய சரகத்துக்கு ஸ்மார்ட்டே போதும். ஐந்துக்கு நான்கு கொடுக்கலாம்.

நிறுவ நினைப்பவர்கள் முதல் நாளே ஒன்றைச் செய்துவிடுங்கள். ரேஞ்சருக்கு இடமாற்றம் வரும்போது நிர்வாகி கடவுச்சொல்லும் அவரோடு போய்விடுவது அடிக்கடி நடக்கிறது. இரண்டு நிர்வாகிக் கணக்குகளை உருவாக்கி, ஒன்றை இடமாறாத அலுவலகப் பணியாளரிடம் வையுங்கள். வாரம் ஒரு முழுக் காப்புப் பிரதியை வெளி வட்டில் எடுத்து, அந்த வட்டைக் கணினி இருக்கும் அறையில் வைக்காமல் வேறு கட்டடத்தில் பூட்டிவையுங்கள். சந்தன மரங்கள் நிற்கும் இடமும் புலி குட்டிபோட்ட குகையும் அதற்குள் இருக்கின்றன.