மலை ஈரத்தில் காகித டாங்கி: டைகரா, டி-34ஆ, விஜயந்தாவா?

காகிதத்தில் டாங்கி செய்யலாம் என்று கிளம்புகிறவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது ஜெர்மனியின் டைகர்-1. ஆசைப்படுவதில் தப்பில்லை. செங்குத்துத் தகடுகளால் ஆன பெட்டி உடல், காகிதத்துக்கு ரொம்பத் தோதானது. நிஜ டைகரின் கோபுரத்திலேயே (பீரங்கியோடு சுழலும் மேல்பகுதி) பக்கச் சுவர்களும் பின்சுவரும் ஒரே கனத்த தகட்டை லாடம்போல வளைத்துச் செய்தவைதாம். நாமும் ஒரே பட்டையை வளைத்து ஒட்டிவிடலாம். காகிதம் ஒரு திசையில் மட்டும் அழகாக வளையும். பந்துபோல உருளச் சொன்னால் சுருங்கி மடியும். அந்தக் கணக்கில் டைகர் ஒரு வரம்.

சக்கரத்துக்கு வந்ததும் வரம் தீர்ந்துவிடும். ஒரு பக்கத்துக்கு எட்டு அச்சு, ஆரம்பகால வண்டிகளில் அச்சுக்கு மூன்று சக்கரம். இரண்டு பக்கமும் சேர்த்து 48 வட்டங்கள், ஒன்றின் இடுக்கில் ஒன்று நுழைந்து நிற்க வேண்டும். சமவெளியில் இது பொறுமைக்கு மட்டும்தான் சோதனை. குன்னூரிலோ ஊட்டியிலோ ஆடி மாதத்தில் பீரோவுக்குள் இருக்கும் தோல் செருப்பே பூசணம் பிடிக்கிறது, 1 மி.மீ. அட்டை சும்மா இருக்குமா? ஈரத்தை உறிஞ்சித் தடிக்கும். சக்கரங்களுக்கு நடுவே வடிவமைத்தவர் விட்டிருந்த மயிரிழை இடைவெளி போய்விடும், கடைசி வரிசை உள்ளே நுழையாது.

சோவியத்தின் டி-34இல் இந்தத் தொல்லை இல்லை. பக்கத்துக்கு ஐந்து இரட்டைச் சக்கரங்கள், ஒன்றையொன்று மறைக்காதவை. நிஜத்தில் 83 செ.மீ. விட்டம், 1:25 அளவில் (நிஜத்தில் 25இல் ஒரு பங்கு) 33 மி.மீ. வட்டம் வெட்டக் கை நடுங்காத அளவு. சரிந்த முன்தகடும் மடிப்புக் கோட்டில் சுலபமாக உட்கார்ந்துவிடும். தலைவலி கோபுரம்தான். வார்ப்பு எஃகில் செய்த வளைவை இதழ் இதழாக வெட்டி ஒட்ட வேண்டும், விளிம்புகளுக்கு வண்ணம் தொட வேண்டும். பற்றவைத்துச் செய்த ஆரம்பகாலக் கோபுரம் உள்ள 76 மி.மீ. பீரங்கி ரகத்தைத் தேர்ந்தெடுத்தால் அதிலும் பாதி சிரமம் குறையும். முதல்முறை செய்கிறவருக்கு, அதிலும் மலையில் இருப்பவருக்கு, நான் சொல்வது இதைத்தான். டைகர் இரண்டாவதாக வரட்டும்.

சங்கிலிப் பட்டையிலும் இதே கதை. டைகருக்குப் பக்கத்துக்கு 96 கண்ணிகள், 1:25இல் ஒவ்வொன்றும் சுமார் 5 மி.மீ. நீளம். டி-34இல் 72தான், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 7 மி.மீ. கொம்புள்ள கண்ணியும் தட்டைக் கண்ணியும் மாறி மாறி வரும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. கண்ணி கண்ணியாகக் கோர்க்கப் பொறுமை இல்லையென்றால் அச்சிட்ட நீளப் பட்டையை அப்படியே சுற்றிவிடலாம். தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. எனக்குத் தெரியும் என்பதால் நான் கோர்க்கிற கட்சி.

அளவு விஷயத்தில் அதிகம் யோசிக்க வேண்டாம். காகித டாங்கிக்கு 1:25, பிளாஸ்டிக்குக்கு 1:35 என்பது பழகிப்போன வழக்கம். அலமாரியில் பிளாஸ்டிக் வண்டிகளோடு சேர்த்து நிறுத்த ஆசைப்பட்டு 71 சதவீதமாகச் சுருக்கி அச்சிடுகிறவர்கள் உண்டு. படம் சுருங்கும், அட்டையின் தடிமன் சுருங்காது. 1 மி.மீ. அட்டை கேட்ட இடத்தில் 0.7 தேட வேண்டிவரும்.

அடுத்தது தாள், அதாவது வெட்டி ஒட்ட வேண்டிய துண்டுகள் அச்சிட்ட வரைதாள். போலந்தில் இது பழைய பொழுதுபோக்கு. ‘மாவி மாடெலாஷ்’ இதழ் 1957இல் தொடங்கியது, ஜி.பி.எம்., ஹாலின்ஸ்கி போன்ற பதிப்பகங்களின் புத்தகங்களும் உண்டு. அந்த ஆஃப்செட் அச்சின் சுத்தத்துக்கு வீட்டு அச்சு ஈடாகாது. ஆனால் தபாலுக்குக் காத்திருக்க வேண்டும், ஒரு துண்டு பாழானால் வேறு கிடையாது. கணினிக் கோப்பாக வாங்கினால் ஜெராக்ஸ் கடையில் வேண்டிய தடவை அச்சிடலாம். மலைக்கு நான் கோப்பின் பக்கம். ஒரு நிபந்தனை: லேசர் அச்சு. சாதாரண இங்க்ஜெட் மை ஈரக்கை பட்டாலே கசியும், பசை பட்டால் கேட்கவே வேண்டாம். லேசரில் மடிப்பில் மை உதிரும். அதை வாட்டர்கலர் தொட்டு மறைத்துவிடலாம். 160 ஜி.எஸ்.எம். (தாளின் கனம்) தாள் கேளுங்கள், ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்பதை எடுத்துவிட்டு நூறு சதவீதத்தில் அச்சிடச் சொல்லுங்கள்.

தாளின் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பது இங்கே கட்டாயம். ஈரத்தில் தாள் நாருக்குக் குறுக்கேதான் அதிகம் விரியும். பீரங்கிக் குழலைச் சுருட்டும்போது நார் குழலின் நீளவாக்கில் இருக்கட்டும். ஒரு தகட்டின் எல்லாத் துண்டுகளையும் ஒரே அமர்வில் வெட்டி ஒட்டிவிடுங்கள். நேற்றைய மூடுபனியில் வெட்டியதும் இன்றைய வெயிலில் வெட்டியதும் மயிரிழை மாறும். ஃபெவிகாலை ஊசிமுனையால் தொட்டு வைத்தால் போதும். ஃபெவிக்விக் சக்கர விளிம்பைக் கெட்டிப்படுத்த மட்டும். சீக்கிரம் காயட்டும் என்று கணப்புப் பக்கத்தில் வைத்தால் தகடு அப்பளமாகிவிடும். சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட மூடிய டப்பாவே மேல்.

நம் நாட்டு டாங்கி விஜயந்தாவை விட்டால் மனசு கேட்காது. 1965இல் ஆவடியில் தயாராகத் தொடங்கியது, வடிவம் பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்தினுடையது, 105 மி.மீ. பீரங்கி. பக்கத்துக்கு ஆறு சக்கரங்கள், ஒன்றின் மேல் ஒன்று ஏறாதவை. பற்றவைத்த கோபுரம், பெரும்பாலும் தட்டையான முகங்கள். டைகரின் வசதி உண்டு, டைகரின் சக்கரம் இல்லை. ஆயத்த வரைதாள் சுலபத்தில் கிடைக்காது, நாமே வரைய வேண்டும் என்பதுதான் தடை. வெலிங்டனில் ராணுவம் இருக்கிறதே, போய்ப் பார்த்து வரையலாமே என்பார்கள். அங்கிருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்ட் காலாட்படை, டாங்கிப் படை அல்ல. பல டாங்கிகளை ஒரே இடத்தில் நிதானமாகப் பார்க்க வேண்டுமானால் மகாராஷ்டிரத்தின் அகமத்நகர் (இப்போது அகில்யாநகர்) டாங்கி அருங்காட்சியகத்துக்குத்தான் ரயில் ஏற வேண்டும்.

வரைகிற வேலையை மழைக்காலத்துக்கு வைத்துக்கொள்ளலாம். வெட்டி ஒட்டுவதை ஜனவரி முதல் மார்ச் வரை முடித்து, மேலே மேட் வார்னிஷ் ஒரு பூச்சு அடித்துவிட வேண்டும். குன்னூர், கோத்தகிரிக்காரர்கள் வடகிழக்கு மழை முழுக்க ஓய்ந்ததை உறுதி செய்துகொண்டு கத்தியை எடுங்கள்.