வீட்டை வித்தது நாங்க, ஃபுல் கமிஷன் கேட்டது ஏஜென்ட் (5க்கு 1 ஸ்டார்)

ஏஜென்சி பேரு போடல, ஏன்னா கடைசில செட்டில்மெண்ட் ஆயிடுச்சு, மறுபடி வம்பு வேணாம். ஆனா வீடு விக்க ஏஜென்ட்கிட்ட போறவங்க இதைப் படிச்சிட்டு போங்க, கொஞ்சம் நீளமாதான் இருக்கும்.

முதல் மீட்டிங்ல பேச்சு தேன் மாதிரி. மத்த ஏஜென்ட்டுங்க சொன்னதை விட நல்லா உசத்தி ஒரு விலை சொன்னாங்க, அது நம்மளப் புடிக்கறதுக்கு சொல்ற விலைன்னு அப்புறம்தான் தெரியுது. கையெழுத்து வாங்கி கொஞ்ச நாள்கூட ஆகல, ஒரு பார்ட்டிகூட வந்து எட்டிப் பாக்கல, அதுக்குள்ள "மார்க்கெட் டல்லா இருக்கு சார், விலையை இறக்குங்க"ன்னு ஃபோன். அவங்களுக்கு என்ன நஷ்டம்? கமிஷன் 2 சதவீதம்னு வச்சுக்கோங்க, விலையில நமக்கு 100 போனா அவங்களுக்கு 2தான் போகுது, சீக்கிரம் முடிஞ்சா அடுத்த வேலைக்குப் போயிடலாம். இது என் வயித்தெரிச்சல் மட்டும் இல்லைங்க, ஸ்டீவன் லெவிட், சாட் சைவர்சன்னு ரெண்டு பொருளாதார நிபுணருங்க சிகாகோ பக்கம் வித்த ஒரு லட்சத்துக்குக் கிட்ட வீடுங்களோட கணக்கை எடுத்து 2008ல ஒரு ஆய்வு போட்டாங்க, ஏஜென்ட்டுங்க சொந்த வீட்டை விக்கும்போது மட்டும் ஒம்பதரை நாள் கூடுதலா காத்திருந்து 3.7 சதவீதம் அதிக விலைக்கு விக்கறாங்கன்னு அதுல வந்துச்சு. தன் வீடுன்னா பொறுமை தானா வந்துடுது பாருங்க.

சர்வீஸ் பத்தி சொல்றேன். ஃபோட்டோ எல்லாம் மொபைல்ல எடுத்தது, பாத்ரூம்ல லைட்டே போடல, பெட்ரூம் எண்ணிக்கை தப்பு, அதை மாத்தச் சொல்லி மெயில் மேல மெயில் போட்டும் அப்படியே கிடந்துச்சு. வீடு காட்ட ஆள் அனுப்பறேன்னு சொல்லிட்டு வரமாட்டாங்க, வாசல்ல நிக்கற பார்ட்டியை என் வீட்டுக்காரம்மாதான் உள்ள கூப்ட்டு மாடி வரைக்கும் சுத்திக் காட்டுவாங்க. பாத்துட்டுப் போனவங்க என்ன சொன்னாங்கன்னு கேட்டா "ஃபாலோ பண்றோம் சார்". அங்க ஒரு ஜூனியர் பொண்ணு இருந்துச்சு, அது மட்டும் கேட்டதுக்கு ஒழுங்கா பதில் சொல்லும், பாதில வேலையை விட்டுப் போயிடுச்சு. அது வேற கதை.

இப்ப மேட்டருக்கு வரேன். வாங்கினவரு எங்க பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சவரு. அவரு முதல்ல ஆன்லைன்ல விளம்பரம் பாத்து இவங்களுக்கு ஒரு மெசேஜ் போட்டிருக்காரு, பதிலே வரல. விட்டுட்டு வேற வீடு தேடிட்டு இருந்தவரை பக்கத்து வீட்டுக்காரர்தான் எங்ககிட்ட கூட்டிட்டு வந்தாரு, விலை பேசினது, பேப்பர் ரெடி பண்ணது எல்லாம் நாங்களேதான். வித்து முடிச்சதும் ஃபுல் கமிஷனுக்கு பில் வந்துச்சு பாருங்க! கேட்டா "எங்க விளம்பரம் பாத்துதானே வந்தாரு"ங்கறாங்க. கூடவே போர்டு வச்ச காசு, "மார்க்கெட்டிங் சார்ஜ்"னு தனித்தனியா வேற.

இங்கதான் அக்ரிமெண்ட்டை வரி வரியா பாக்கணும். ஒரே ஏஜென்ட்கிட்ட மட்டும் வீட்டை விக்கக் குடுக்கறதுலயே ரெண்டு வகை இருக்கு. சோல் ஏஜென்சின்னா வேற ஏஜென்ட்கிட்ட போகக் கூடாது, ஆனா நாமளே ஆளைப் புடிச்சு வித்தா பொதுவா கமிஷன் கிடையாது. சோல் செல்லிங் ரைட்ஸ்னு போட்டிருந்தா கதை வேற, உங்க சொந்தக்காரருக்கே வித்தாலும் காசு வைக்கணும். எங்களோடது முதல் வகை. அதுல யாரு வாங்கினா கமிஷன்ங்கற இடத்துல "ஏஜென்ட் அறிமுகப்படுத்திய நபர்"னுதான் இருந்துச்சு. பதிலே போடாத ஒரு மெசேஜ் எப்படிங்க அறிமுகம் ஆகும்? விளம்பரம் பாத்தாலே அறிமுகம்தான்னு அவங்க, அந்த விற்பனை நடந்ததுக்கு யாரு வேலை காரணம்னு பாக்கணும்னு நாங்க. இந்த மாதிரி தகராறுல உண்மையா நிக்கற கேள்வி இது ஒண்ணுதான், ஃபோட்டோ கேவலமா இருந்துச்சு, ஃபோன் எடுக்கலங்கறது எல்லாம் தொகையைக் கொறைக்கப் பேச உதவுமே தவிர அதை மட்டும் வச்சு மொத்தமா தரமாட்டேன்னு சொல்றது கஷ்டம், வீடு வித்துடுச்சுல்லன்னு ஒரே வார்த்தைல வாயை அடைச்சிடுவாங்க.

அதனால ஃபோன்ல சண்டை போடறதை நிறுத்திட்டு எல்லாத்தையும் எழுத்துல வச்சோம். வாங்கினவர்கிட்ட அவரு போட்ட மெசேஜோட ஸ்க்ரீன்ஷாட், பதில் வரலன்னு ஒரு லெட்டர். பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட ஒரு லெட்டர். வீடு காட்ட வராத தேதி எல்லாம் வாட்ஸ்அப்லயே இருந்துச்சு. பில்லுல எந்த வரிக்கு அக்ரிமெண்ட்ல எந்த ஷரத்துன்னு காட்டுங்கன்னு கேட்டோம், போர்டுக்கும் மார்க்கெட்டிங்குக்கும் காட்ட முடியல, அது ரெண்டும் அன்னிக்கே போச்சு. கமிஷனுக்கு "இது தகராறுல இருக்கற தொகை, உங்க கம்ப்ளைண்ட் ப்ராசஸ் என்ன, முடிவான பதிலை எழுத்துல குடுங்க"ன்னு மெயில். சும்மா காசு தராம இருந்துட்டா கடன் பாக்கின்னு கேஸ் போட அவங்களுக்கு வசதியா போயிடும், ஏன் தரலைன்னு காரணம் ரெக்கார்டுல இருக்கணும்.

மேனேஜர் லெவலுக்குப் போனதும் குரல் மாறிடுச்சு. முதல்ல "நல்லெண்ணத்துக்காக" கொஞ்சூண்டு தள்ளுபடி தரேன்னாரு, நல்லெண்ணம் வேணாம் ஷரத்தைக் காட்டுங்கன்னு திருப்பி எழுதினோம், வெளியில நுகர்வோர் புகாருக்குப் போறோம்னும் சேத்துச் சொன்னோம். கடைசில கமிஷன்ல பாதிக்கும் கீழ வந்து நின்னாங்க. கேஸுன்னு போயிருந்தா சுத்தமா தராம ஜெயிச்சிருப்போம்னு என் மச்சான் இன்னமும் சொல்றான், இருக்கலாம், ஆனா வக்கீல் ஃபீஸும் அலைச்சலும் அவனா குடுக்கப் போறான். "முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டோம்"னு எழுதி வாங்கின அப்புறம்தான் பணம் போட்டோம்.

இன்னொண்ணு, நிறைய அக்ரிமெண்ட்ல காலம் முடிஞ்ச அப்புறமும் கொஞ்ச மாசத்துக்கு, அவங்க காட்டின ஆள் வாங்கினா கமிஷன் உண்டுன்னு ஒரு வால் இருக்கும். ஏஜென்ட்டை மாத்தும்போது, நீங்க அறிமுகப்படுத்தினவங்க யாரு யாருன்னு பேரு லிஸ்ட்டை எழுத்துல கேட்டு வாங்கிக்கோங்க. எங்க ஆளுங்ககிட்ட அதைக் கேட்டப்பவும் வந்த பதில் "ஃபாலோ பண்றோம் சார்"தான்.