பத்து வருடம், இரண்டு பிள்ளைகள், 42 ஒலிகள்: ஜாலி ஃபோனிக்ஸ் எங்கள் வீட்டில்

போன வாரம் நாத்தனார் போன் செய்தாள். "மதினி, பாப்பாவுக்கு நாலு வயசு ஆகப்போகுது. அந்த ஜாலி ஃபோனிக்ஸ் வாங்கலாமா, இல்ல சும்மா விட்டுரலாமா?" அரை மணி நேரம் பேசியும் பதில் முடியவில்லை. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

ஜாலி ஃபோனிக்ஸ் என்பது ஆங்கில எழுத்துகளை ஒலிகளாகப் பழக்கி, அவற்றைக் கூட்டிப் படிக்கக் கற்றுத்தரும் முறை. எங்கள் வீட்டுக்கு அது வந்தது 2015-இல், மகனை எல்.கே.ஜி.யில் சேர்த்தபோது. புத்தகக் கட்டில் ஏழு மெல்லிய ஒர்க்புக். புரட்டினால் ஒரு எலி, ஒரு பாம்பு, ஒரு தேனீ. 'ஏ ஃபார் ஆப்பிள்' எங்கே என்று தேடினேன். முதல் எழுத்தே ஏ இல்லை, எஸ். அப்புறம்தான் ஏ. அதன் பின் டி (t), ஐ, பி (p), என். ஏதோ அச்சுப் பிழை என்றே நினைத்தேன்.

பிழை இல்லை. இந்த ஆறு ஒலி தெரிந்தால் போதும், டின், பின், டாப், சாட் என்று உடனே சொல் கூட்ட ஆரம்பித்துவிடலாம். ஏ, பி, சி, டி என்று வரிசையாகப் போனால் அதற்கு ரொம்ப நாள் காத்திருக்க வேண்டும். இன்னொரு சூட்சுமமும் உண்டு: பிள்ளைகள் மாற்றி மாற்றி எழுதும் சின்ன பி-யும் (b) சின்ன டி-யும் (d) ஒரே குழுவில் வராது. d இரண்டாவது குழுவில், b மூன்றாவதில். மொத்தம் ஏழு குழு, 42 ஒலி. நாளைக்கு ஒரு ஒலி என்று போனால் ஒன்பது வாரத்தில் முடியும் என்பது கணக்கு. எங்களுக்கு ஏழு மாதம் ஆனது. காய்ச்சல், கோயில் கொடை, கல்யாணம், சோம்பல்.

'ஜாலி' என்றால் குஷியாகப் படிக்கலாம் என்று அர்த்தம் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அது கிறிஸ் ஜாலி என்ற பதிப்பாளரின் குடும்பப் பெயர். 1987-இல் அவர் தொடங்கிய ஜாலி லேர்னிங்தான் இதை வெளியிடுகிறது. ஆனால் முறை உருவானது ஒரு வகுப்பறையில். இங்கிலாந்தின் கிழக்குக் கடற்கரையில் லோஸ்டாஃப்ட் என்றொரு பழைய மீன்பிடி ஊர், அங்கே வுட்ஸ் லோக் தொடக்கப் பள்ளி. சொல்லை முழுசாகப் படம் போலப் பார்த்து மனதில் பதிக்க வைப்பதுதான் அப்போது அங்கே வழக்கம். சில பிள்ளைகளுக்கு அது ஏறவே இல்லை. 1970-களில் அந்தப் பள்ளி ஆசிரியர்கள் முதலில் ஒலியைச் சொல்லிக்கொடுத்து, பிறகு ஒலிகளைக் கூட்டிப் படிக்கவைத்துப் பார்த்தார்கள். திணறும் பிள்ளைகள் குறைந்தார்கள். அவர்களில் ஒருவரான சூ லாயிட் எழுதிய 'தி ஃபோனிக்ஸ் ஹேண்ட்புக்' 1992-இல் வந்தது. அதே பள்ளியின் சாரா வெர்ன்ஹாம் பிறகு அவரோடு சேர்ந்துகொண்டார்.

ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு அபிநயம் உண்டு. எஸ்-க்குக் கை பாம்பாக நெளியும். ஏ-க்கு எறும்பு கைமேல் ஏறும். டி-க்கு (t) டென்னிஸ் பார்ப்பது போலத் தலை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்பும். என் மகன் டென்னிஸைப் பார்த்தது கிடையாது. வண்ணார்பேட்டை ரோட்டைத் தாண்டும்போது இருபுறமும் பார்ப்பாயே, அது என்று மாற்றிக்கொண்டோம். ஹெச்-க்கு ஓடிவந்தவன் போல 'ஹ் ஹ்' என்று மூச்சு வாங்க வேண்டும். அன்றைக்கு ஆச்சி அடுப்படியிலிருந்து ஓடிவந்து, "பிள்ளைக்கு இளைப்பு வந்திருக்கு, நீ பாடம் நடத்திக்கிட்டு இருக்கே" என்று என்னைத் திட்டிவிட்டுக் கற்பூரவல்லி பறிக்கப் போய்விட்டார்.

பி-க்கு (p) மெழுகுவர்த்தி ஊதுவது. விரலை வாய்க்கு முன்னால் நிறுத்தி 'ப்' என்று காற்று விட வேண்டும். நான் சொன்னபோது காற்றே வரவில்லை. ஒரு காகிதத் துண்டை உதட்டுக்கு முன்னால் பிடித்துப் பார்த்தேன். நம் 'படம்', 'பழம்' எதைச் சொன்னாலும் காகிதம் அப்படியே நிற்கிறது. ஆங்கில 'பின்' சொல்லும்போதுதான் அது படபடக்க வேண்டும். எனக்கு அது கைகூட நாலு நாள் ஆனது, மகனுக்கு நாலு நிமிடம்.

இந்த ஒற்றை ஒலி விஷயத்தில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். மகனை நடுவில் மூன்று மாதம் ஒரு டியூஷன் சென்டருக்கு அனுப்பினேன். பெயர் வேண்டாம். 'லெவல்' கணக்கில் கட்டணம், கடைசியில் சான்றிதழ். அங்கே 'கு', 'டு', 'பு' என்று ஒவ்வொரு ஒலியோடும் ஓர் உகரத்தை ஒட்டிச் சொல்லிக்கொடுத்தார்கள். பூனைக்கான சொல்லை மகன் 'கு-ஆ-டு' என்று கூட்டி, "குவாடு" என்று முடித்தான். மீட்க ஒரு மாதம் ஆனது. தமிழ் படித்தவருக்கு இதில் குழப்பமே வேண்டாம்: க் என்பது மெய், கு என்பது உயிர்மெய். ஃபோனிக்ஸுக்கு வேண்டியது மெய். அதையும் 'இக்' என்று முன்னால் இகரம் போட்டுச் சொல்லக் கூடாது, அவ்வளவுதான். க் + அ = க என்று நாம் சுவரில் மாட்டிவைக்கும் அட்டவணையும் இதே கூட்டல் வேலைதான். அது நமக்குப் புது விஷயம் இல்லை.

சரி, படிக்க வந்ததா? வந்தது. ஏழு மாத முடிவில் சின்னச் சொல் எதைக் காட்டினாலும் மகன் படித்தான். எழுத்துக்கூட்ட முடியாதவற்றை 'ட்ரிக்கி வேர்ட்ஸ்' என்று தனியாக மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள், அதுவும் நடந்தது. வந்தவர்கள் முன்னால் படிக்கச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம். ஒருநாள் 'ஸ்', 'இ', 'ப்', 'ஸிப்' (sip) என்று படித்தான். "அப்படின்னா என்னடா?" என்று கேட்டேன். "ஸிப்" என்றான் மறுபடியும், இன்னும் கொஞ்சம் சத்தமாக.

அப்போதுதான் உறைத்தது. இது லோஸ்டாஃப்ட் பிள்ளைகளுக்காகச் செய்யப்பட்ட முறை. அந்தப் பிள்ளை மூன்று ஒலியைக் கூட்டியதும், வீட்டில் ஆயிரம் தடவை கேட்ட சொல்லில் போய் இறங்குகிறது. என் மகன் கூட்டிப் போய் இறங்கிய இடத்தில் யாருமே இல்லை. இங்கிலாந்தில் 2006-இல் ஜிம் ரோஸ் என்ற கல்வி நிபுணரின் ஆய்வறிக்கை இந்த வகை ஃபோனிக்ஸைத்தான் பரிந்துரைத்தது. 2012 முதல் அங்கே ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 40 சொற்களை வாசிக்கும் சோதனை நடக்கிறது. அதில் 20 சொற்களுக்குப் பொருளே கிடையாது, ஒலி கூட்டத் தெரிகிறதா என்று பார்ப்பதற்காகவே உருவாக்கியவை. என் மகன் அதை எழுதியிருந்தால் நாற்பதில் பெரும்பாலானவை அவனுக்கு அந்த இருபது போலத்தான் இருந்திருக்கும்.

ஜாலி ஃபோனிக்ஸ் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். படிக்கக் கற்றுக்கொடுப்பதாகச் சொன்னது, கொடுத்தது. மொழியைத் தருவது வீட்டின் வேலை, அதை நாங்கள் செய்யவில்லை.

மகள் முறை 2020-இல் வந்தது, ஊரடங்கில். இந்தத் தடவை வரிசையை மாற்றினேன். முதல் மூன்று மாதம் புத்தகமே இல்லை. டம்ளரில் தண்ணீரைக் கொடுத்து "ஸிப்", ஆச்சி தூங்கினால் "நாப்", குழாயைத் திறந்தால் "டாப்". ஆச்சிக்கே பாதி வந்துவிட்டது. அப்புறம்தான் ஒர்க்புக்கை எடுத்தோம். 'டாப்' என்று கூட்டி முடித்ததும் அவள் எழுந்து ஓடிப்போய்க் குழாயைத் திறந்தாள். அந்தத் தண்ணீர்ச் சத்தம் வந்தபோதுதான் இவள் படிக்கிறாள் என்று எனக்குத் தோன்றியது.

எதிர்பாராத ஒன்றும் நடந்தது. ஒலிக்குக் காது பழகிய பிள்ளை, தமிழ்ப் பாடத்தில் 'பம்பரம்' வந்ததும் நிறுத்தி, "அம்மா, முதல் ப மெழுகுவர்த்தி மாதிரி, ரெண்டாவது ப பேட்டும் பாலும் மாதிரி கேக்குது. ஏன் ஒரே எழுத்து?" என்றாள். பேட்டால் பந்தை அடிப்பதுதான் b ஒலிக்கான அபிநயம். நான் தமிழ்வழியில் பன்னிரண்டாவது வரை படித்தவள். அதுவரை அது என் காதில் விழுந்ததே இல்லை.

நாத்தனாருக்கு: பாப்பாவுக்கு ஒர்க்புக் மட்டும் புதுசாக வாங்கு, எங்களுடையது இரண்டு பிள்ளைகளும் கிறுக்கியது. கூட வரும் பாட்டுகளில் பிரிட்டிஷ் உச்சரிப்பு, 'ஆர்' ஒலியெல்லாம் கரைந்துபோய்க் கேட்கும், கவலைப்படாதே. சென்டருக்கு அனுப்பாதே. விரல் ஓட்டிப் பழகும் கெட்டி அட்டைப் புத்தகம் ஏழும் எங்களிடம் இருக்கிறது, எழுத்துகளைப் பள்ளமாக வெட்டியிருப்பார்களே, அது. எஸ் மட்டும் இரண்டு பேர் விரலும் ஓடி ஓடிக் கறுத்துக் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாமா வருகிறாராம், அவர் கையில் கொடுத்துவிடுகிறேன்.