மால் நிரம்பியிருந்தால் மட்டும் போதுமா? நெக்ஸஸ் செலக்ட் டிரஸ்ட் யூனிட்கள் குறித்த ஒரு மதிப்பீடு

என் சித்தப்பா பணி ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த தொகையில், சென்னையிலுள்ள ஒரு வணிக வளாகத்தில் 180 சதுர அடிக் கடை ஒன்றை விலைக்கு வாங்கினார். மாத வாடகை இன்னொரு ஓய்வூதியம்போல வந்துகொண்டிருக்கும் என்று நம்பினார். முதல் சில ஆண்டுகள் வரவும் செய்தது. ஆனால் கடைக்கொரு முதலாளி இருந்த அந்த வளாகத்தில், எஸ்கலேட்டர் பழுதானால் யார் எவ்வளவு கொடுப்பது என்பதில்கூட உடன்பாடு ஏற்படவில்லை. எந்த மாடியில் துணிக்கடை வர வேண்டும், எந்த மாடியில் உணவகம் வர வேண்டும் என்று முடிவு செய்யும் அதிகாரமும் யாரிடமும் இல்லை. ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்கின. வாடகை நின்று பல ஆண்டுகள் ஆகியும், சொத்து வரியையும் பராமரிப்புக் கட்டணத்தையும் எங்கள் குடும்பம் இன்றுவரை கட்டி வருகிறது. அந்த அனுபவம் இருப்பதால்தான், மால்களை யூனிட்களாகப் பிரித்துப் பங்குச்சந்தையில் விற்கும் நெக்ஸஸ் செலக்ட் டிரஸ்ட்டின் கணக்குகளை நான் வரி வரியாகப் படிக்கத் தொடங்கினேன்.

இது ரீட் எனப்படும் ரியல் எஸ்டேட் முதலீட்டு அறக்கட்டளை; அதாவது பலரிடம் திரட்டிய பணத்தில் கட்டடங்களை வைத்திருந்து, அவற்றின் வாடகையை யூனிட் வைத்திருப்பவர்களுக்குப் பகிர்ந்து தரும் அமைப்பு. அலுவலகக் கட்டடங்களைக் கொண்ட ரீட்கள் 2019 முதலே நம் சந்தையில் இருந்தாலும், மால்களை மையமாகக் கொண்டு இந்தியாவில் பட்டியலிடப்பட்ட முதல் ரீட் இதுவே. 2023 மே மாதம் யூனிட் ஒன்று 100 ரூபாய் என்ற விலையில் 3,200 கோடி ரூபாய் திரட்டப்பட்டது. அதில் 1,400 கோடி மட்டுமே புதிய யூனிட்களுக்கானது, மீதி 1,800 கோடி பழைய உரிமையாளர்கள் விற்றதற்கானது. அமெரிக்க முதலீட்டு நிறுவனமான பிளாக்ஸ்டோன் இதன் ஸ்பான்சர், அதாவது இதை உருவாக்கிய நிறுவனம். பட்டியலிடப்பட்டபோது 14 நகரங்களில் 17 மால்கள் இதன் வசம் இருந்தன. தில்லி சாகேத்தின் செலக்ட் சிட்டிவாக், சண்டிகரின் எலாந்தே ஆகியவற்றோடு, முன்பு விஜயா வாகினி ஸ்டுடியோ இருந்த வடபழனி மண்ணில் எழுந்த, ஃபோரம் விஜயா என்று நாம் அறிந்த மாலும் அவற்றில் ஒன்று.

இத்தகைய நிறுவனத்தின் நலனை அறிய நிகர லாபத்தைப் பார்ப்பது பெரிதாக உதவாது. கட்டடத்தின் தேய்மானம் ஆண்டுதோறும் பெரும் தொகையாகக் கழிக்கப்படுவதால், கைக்கு வரும் பணத்தைவிட லாபம் மிகவும் குறைவாகத் தோன்றும். நான் முதலில் தேடுவது, மாலில் உள்ள கடைகள் எவ்வளவு விற்கின்றன, அந்த விற்பனையில் எவ்வளவு பங்கு வாடகையாகப் போகிறது என்பதைத்தான். 1,000 சதுர அடிக் கடை ஒன்று மாதம் 15 லட்சம் ரூபாய்க்கு விற்று, வாடகையும் பராமரிப்புக் கட்டணமுமாக 2.1 லட்சம் கட்டினால், அது விற்பனையில் 14 சதவீதம். துணிக்கடைக்காரர் மூச்சு விடலாம். விற்பனை 10 லட்சமாகச் சரிந்தால் அதே தொகை 21 சதவீதமாகிவிடும். ஒப்பந்தத்தின் லாக்-இன் காலம், அதாவது கடையைக் காலி செய்ய முடியாத காலம், முடிந்த மறுநாளே அவர் சாவியை ஒப்படைத்துவிடுவார். மால் ஒப்பந்தங்களில் பொதுவாகக் குறைந்தபட்ச வாடகை, விற்பனையில் ஒப்பந்தத்தில் குறித்த சதவீதம் ஆகிய இரண்டில் எது அதிகமோ அது வசூலிக்கப்படும். ஆகவே கடைக்காரரின் கல்லாப்பெட்டியே யூனிட் வைத்திருப்பவருக்கும் கல்லாப்பெட்டி. இந்த டிரஸ்ட் காலாண்டுதோறும் கடைகளின் மொத்த விற்பனையை வெளியிடுவதை அதன் பெரிய பலமாகக் கருதுகிறேன். வாடகை வருமானம் ஏறி, கடைகளின் விற்பனை தேங்கினால், நோய் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

காகிதத்தில் படித்ததை நேரில் சரிபார்க்க, சனி, ஞாயிறைத் தவிர்த்து, செவ்வாய்க்கிழமை மதியத்தில் மாலுக்குப் போவது என் வழக்கம். உணவுக்கூடம் நிரம்பியிருப்பதை நான் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. தானியங்கிக் கதவருகே சற்று நேரம் நின்று, வெளியேறுபவர்களில் எத்தனை பேர் கையில் பை இருக்கிறது என்று எண்ணுவேன். பிறகு மேல் மாடிகளில், "விரைவில்" என்று அச்சிட்ட பலகைகளால் மூடப்பட்ட கடைகளை எண்ணி, அடுத்த முறை அதே பலகைகள் அங்கேயே இருக்கின்றனவா என்று பார்ப்பேன்.

கடைகள் நிரம்பியிருந்தும் நிறுவனம் விழ முடியும் என்பதற்கு அமெரிக்காவின் ஜெனரல் குரோத் பிராப்பர்டீஸ் மறக்க முடியாத சான்று. 200க்கும் மேற்பட்ட மால்களை வைத்திருந்த அந்நிறுவனம், கடைகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் வாடகைக்குப் போயிருந்த நிலையிலும், 2009 ஏப்ரல் 16 அன்று ஏறத்தாழ 2,700 கோடி டாலர் கடனோடு திவால் பாதுகாப்பு கோரியது. வாடகை வராததால் அது வீழவில்லை. நீண்ட காலச் சொத்துகளைக் குறுகிய காலக் கடனில் வாங்கிக் குவித்திருந்தது. 2008 நெருக்கடியில் வங்கிகள் கடனைப் புதுப்பிக்க மறுத்ததும் திணறிப்போனது. ஆகவே கடன் எவ்வளவு என்று கேட்பதோடு, எந்த ஆண்டில் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்ற அட்டவணையையும் பார்த்தாக வேண்டும்.

இங்கே பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் விதிகள் நமக்கு ஓரளவு காப்பு அளிக்கின்றன. ரீட் ஒன்றின் கடன் சொத்து மதிப்பில் 49 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 25 சதவீதத்தைத் தாண்டினாலே தரச்சான்றும் யூனிட்தாரர்களின் ஒப்புதலும் தேவை. நெக்ஸஸின் விகிதம் முதல் இரண்டு ஆண்டுகளில் 20 சதவீதத்துக்குக் கீழேயே இருந்தது, கடனுக்கு மிக உயர்ந்த தரமான ஏஏஏவும் கிடைத்திருக்கிறது. எனினும் இந்த விகிதத்தின் கீழ்ப்பாதியில் நிற்பது ஒரு மதிப்பீட்டாளரின் கணிப்பு என்பதை மறக்கலாகாது. ஆண்டுக்கு 100 கோடி நிகர வருமானம் தரும் மாலை 8 சதவீத விளைச்சலில், அதாவது அந்த வருமானம் மால் மதிப்பில் 8 சதவீதம் என்று வைத்து மதிப்பிட்டால் 1,250 கோடி. 9 சதவீதத்தில் மதிப்பிட்டால் 1,111 கோடி. 400 கோடி கடன் இருந்தால், ஒரு பைசா புதிதாக வாங்காமலேயே விகிதம் 32லிருந்து 36 சதவீதமாகிவிடும். அதனால் மதிப்பீட்டு அறிக்கையில் அந்த விளைச்சல் சதவீதம் முந்தைய ஆண்டைவிட மாறியிருக்கிறதா என்பதை முதலில் தேடுகிறேன்.

யூனிட்தாரருக்கு வரும் பணத்தைப் பற்றியும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பெரும்பாலோர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். பகிர்ந்தளிக்கத் தக்க ரொக்கத்தில் குறைந்தது 90 சதவீதத்தை ரீட் பகிர்ந்தளித்தாக வேண்டும்; நெக்ஸஸ் அதைக் காலாண்டுதோறும் செய்கிறது. வங்கிக் கணக்கில் ஒரே தொகையாக வந்தாலும் அதில் ஈவுத்தொகை, வட்டி, கடன் திருப்பம் (மால்களை வைத்திருக்கும் துணை நிறுவனங்கள் டிரஸ்ட்டிடம் வாங்கிய கடனைத் திருப்புவது) என்ற தனித்தனிக் கூறுகள் உண்டு. வட்டிக்கு நம் வருமான வரம்புக்கேற்ப வரி உண்டு. ஈவுத்தொகைக்கு, கீழுள்ள துணை நிறுவனம் சலுகை வரி விகிதத்தைத் தேர்ந்தெடுக்காதவரை நம் கையில் வரி இல்லை. கடன் திருப்பம் என்பது நாம் போட்ட முதலின் ஒரு பகுதி திரும்பி வருவதற்கு ஒப்பானது. அன்றே வரி இல்லாவிட்டாலும் யூனிட்டின் கொள்முதல் விலை அந்த அளவு குறைந்து, விற்கும்போது மூலதன ஆதாயம் கூடிவிடும். ஆகவே மொத்தப் பகிர்வை யூனிட் விலையால் வகுத்து வரும் சதவீதத்தை வங்கி வைப்புநிதி வட்டியோடு ஒப்பிடுவது தவறு.

குறைகளும் உண்டு. சொத்து மதிப்பில் பெரும் பங்கு சாகேத், சண்டிகர் மால்களிலிருந்தே வருவதால், அங்கே எதிரில் ஒரு புதிய மால் எழுந்தால் மொத்தக் கணக்கும் அசையும். வருமானத்தில் பெரும்பகுதியைப் பகிர்ந்துவிடுவதால், புதிய மால் வாங்கக் கடனோ புதிய யூனிட்களோதான் வழி. வேளச்சேரி மாலை நடத்தும் ஃபீனிக்ஸ் மில்ஸ்போல லாபத்தை உள்ளே வைத்துக் கட்டிப் பெருக்கும் வாய்ப்பு இதற்குக் குறைவு. பிளாக்ஸ்டோன் தன் யூனிட்களில் ஒரு பகுதியைச் சந்தையில் விற்றிருப்பதையும் கவனத்தில் கொள்ள வேண்டும்.

இவ்வளவையும் எடைபோட்டு, நான் இந்த யூனிட்களைச் சிறிய அளவில் வாங்கி வைத்திருக்கிறேன். ஒரு யூனிட்கூடச் சந்தையில் வாங்க முடியும், வேண்டாமென்றால் மறுநாளே விற்கவும் முடியும். சித்தப்பாவின் கடைக்கு ஆண்டுக்கணக்கில் தேடியும் வாங்குபவர் கிடைக்கவில்லை. கடன் விகிதம் 25 சதவீதத்தைத் தாண்ட ஒப்புதல் கேட்டு வாக்கெடுப்பு வரும் நாளில், எதற்காகக் கடன் வாங்குகிறார்கள், எந்த ஆண்டில் திருப்புவார்கள் என்ற இரண்டுக்கும் தெளிவான விடை இல்லையென்றால் விற்றுவிடுவேன்.