பெல்கிரேட் – பார்: பகல் ரயிலா, இரவு ரயிலா?

செர்பியத் தலைநகர் பெல்கிரேடிலிருந்து மாண்டினீக்ரோ கடற்கரையிலுள்ள பார் நகருக்குப் போகும் இந்த 476 கிலோமீட்டர் பாதை 1976-இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. குழந்தைகளோடு போவதென்றால் என் ஓட்டு பகல் ரயிலுக்குத்தான். கொலாஷின் என்ற மலையூரைத் தாண்டியதும் ரயில் ஆயிரம் மீட்டர் உயரத்திலிருந்து மாண்டினீக்ரோ தலைநகர் போட்கோரிகாவை நோக்கி இறங்கத் தொடங்கும். சுரங்கம், வெளிச்சம், மறுபடி சுரங்கம். நடுவே சுமார் 200 மீட்டர் உயர மாலா ரியேகா பாலம். அதைப் பிள்ளைகள் கட்டாயம் பார்க்க வேண்டும்! அப்புறம் ஸ்காடர் ஏரி. ஆனால் பகல் ரயில் கோடையில் மட்டுமே ஓடும், பயணமும் பதினொரு மணி நேரத்துக்குக் குறையாது. சாப்பாடு, தண்ணீர் கையோடு வேண்டும்.

இரவு ரயிலில் படுக்கை உண்டு, ஓட்டல் செலவு மிச்சம். எல்லையில் பாஸ்போர்ட் சோதனைக்காகத் தூக்கம் கலையும். கைக்குழந்தை இருந்தால் மட்டும் இதை எடுங்கள்.