மூன்று வருஷமாக ஒரு டிஎம் ஸ்க்ரீன்

திருநகரில் புதிதாக ஆட்டம் நடத்தப்போகும் பங்காளி ஒருவன், "டிஎம் ஸ்க்ரீன் வாங்கலாமாடா?" என்று கேட்டான். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, கட்டை உருட்டிக் கதை நடத்தும் ஆட்டம். அதை நடத்துகிறவர் டன்ஜன் மாஸ்டர், சுருக்கமாக டிஎம். அவர் உருட்டும் கட்டை மற்றவர்களுக்குத் தெரியாதபடி முன்னால் நிறுத்தும் மறைப்புதான் டிஎம் ஸ்க்ரீன். 5ஆம் பதிப்புக்கான அந்த நாலு மடிப்பு அட்டையை மூன்று வருஷமாக வைத்திருக்கிறேன். போன வாரம்தான் ஒரு மடிப்பு கிழிந்து, பைண்டிங் கடையில் துணி ஒட்டி வாங்கினேன். அவன் கேட்ட நேரம் சரியில்லை.

அட்டையைக் குறை சொல்ல முடியாது. உள்பக்கம் மயக்கம், பயம் மாதிரி பாத்திரங்களுக்கு வரும் கண்டிஷன்கள் எல்லாம் வரிசையாக இருக்கின்றன. புத்தகத்தைப் புரட்டுவது பாதியாகக் குறைந்தது. ஃபேன் காற்றில் சாயும், மதுரை வெயிலில் ஃபேனை நிறுத்தவும் முடியாது. இரண்டு கிளிப் போட்டால் தீர்ந்தது.

என் எரிச்சல் வேறு. இது என்னைப் பொய் சொல்ல வைக்கிறது.

முதல் மாதமே நடந்தது. சமணர் மலை மாதிரி ஒரு குகை, உள்ளே கோப்ளின்கள் என்னும் குட்டிப் பூதங்கள். கல்லூரிப் பையன் ஒருவன் தன் பாத்திரமான விஸார்டுக்கு, அதாவது மந்திரவாதிக்கு, மூன்று பக்கம் கதை எழுதி வந்திருந்தான். முதல் லெவல், உயிர்க் கணக்கு மொத்தமே 7 ஹிட் பாயிண்ட். கோப்ளின் அவனை அடிக்க நான் அட்டைக்குப் பின்னால் உருட்டியதில் 20 விழுந்தது, கிரிட்டிக்கல், பலத்த அடி. டேமேஜுக்கு 6, இன்னொரு 6, கூட 2, ஆக 14. பூஜ்யத்துக்கு இறங்கிய பிறகும் மிச்சம் 7, அவனுடைய மொத்த ஹிட் பாயிண்ட் அளவுக்கே. விதிப்படி, உயிர் பிழைக்கிறானா என்று உருட்டிப் பார்க்கும் டெத் சேவுக்கே வழியில்லை, நேரே சாவு.

"தோளில் கீறல். 4 டேமேஜ்" என்றேன்.

2014இல் வந்த டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு, டிஎம்முக்கான புத்தகமே, விழுந்ததை இப்படி மாற்றிச் சொல்ல இடம் கொடுக்கிறது. அடிக்கடி செய்யாதே, வெளியே தெரியவிடாதே என்கிறது. அந்த இரண்டாவதுதான் எனக்கு வராது. கட்டையை இரண்டு நொடி உற்றுப் பார்த்தாலே, "அண்ணே, காப்பாத்துறீங்களா?" என்று சிரிப்பார்கள். நிஜமாகவே ஓகர் என்னும் ராட்சசன் குறி தப்பினாலும் ஒருத்தரும் நம்புவதில்லை. எங்கள் அப்பத்தா தாயக்கட்டையை எல்லார் கண்முன்னாலும்தான் உருட்டும். வெட்டுப்பட்டவன் மூஞ்சியைத் தூக்கினால், "அழுகுணி ஆட்டம் ஆடாதடா" என்று ஒரே அதட்டு.

அட்டை பைண்டிங் கடையில் கிடந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் நடுமேஜையில் உருட்டினேன். அதே விஸார்ட், இப்போது 5ஆம் லெவல், மூன்றாவது டெத் சேவும் தவறிச் செத்தான். பையன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் பரோட்டாக் கடையில் சால்னா ஆறும்வரை அந்தச் சாவைப் பற்றியேதான் பேசினான்.

பங்காளியிடம், "வாங்காதே, என்னுடையதையே எடுத்துக்கோ" என்றேன். நேற்று வண்டியில் வந்து நின்றான். கொடுக்க மனசு வரவில்லை.